அம்மாவின் கல்வெட்டும் மங்கிய திரையும்

அம்மாவின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்குக் கொடுக்கிற கல்வெட்டை, அதுதான் அவருடைய படமும் தேவாரமும் வாழ்க்கைக் குறிப்பும் போட்ட சின்னப் புத்தகத்தை, பிழை பார்க்கச் சொல்லி அச்சகத்தார் அனுப்பியிருந்தார்கள். வீட்டுக் கம்பியூட்டரில் திறந்தேன். அம்மா போனபிறகு அதை யாரும் போடவில்லை. கனடாவிலிருக்கிற அண்ணையோடு அம்மா முகம் பார்த்துக் கதைக்கத்தான் அது இருந்தது.

எழுத்தெல்லாம் மை ஊறினமாதிரி மங்கிக் கிடந்தது.

எங்கள் ஊர் மடத்துவெளியில் கடற்காற்று கண்ணாடியில் உப்பாய்ப் படியும். திரையைத் துடைத்தேன். தெளியவில்லை. அம்மாவுக்கும் இப்படித்தான் தொடங்கியது. தேவாரப் புத்தகம் மங்குகிறது என்றார். வெயிலாக்கும் என்று விட்டுவிட்டோம். பிறகுதான் சீனி வருத்தம், நீரிழிவு என்றார்கள். முதலில் கண் போனது, பிறகு சிறுநீரகம்.

சுவரில் கலண்டர் தொங்கியது. அதைப் பார்த்தால் பிழை கண்ணிலா திரையிலா என்று தெரிந்துவிடும். நான் திரும்பவில்லை.

அண்ணைக்கு எடுத்தேன். கண்ணைப் பற்றி வாய் திறக்கவில்லை.

"எழுத்து வடிவாத் தெரியேல்லை அண்ணை."

"அது நான் செய்த வேலையடி. போனமுறை வந்து நிக்கேக்க அம்மாவுக்கெண்டு எல்லாத்தையும் பெரிசாக்கினனான். அதுதான் மங்குது. டிஸ்பிளே செற்றிங்ஸுக்குள்ள போ. ரெசொலூசன் எண்டிருக்கும். ரெக்கமண்டட் எண்டு போட்டிருக்கிறதை அமத்து."

அமத்தினேன். திரை கறுத்தது. கெடுத்துவிட்டேனோ என்று நினைத்தேன். வெளிச்சம் வந்ததும், இப்படியே வைக்கவா என்று ஒரு பெட்டி கேட்டது. நான் யோசிப்பதற்குள் பழையபடி மங்கிவிட்டது.

"அண்ணை, திரும்ப மங்கிட்டுது."

"நீ பாத்துக்கொண்டு இருந்திருப்பாய். அது கேக்கேக்க ஓம் எண்டு அமத்தவேணுமடி, விசரி."

மறுபடி செய்தேன். எழுத்துகள் சிறுத்து, கறுத்து, கூராய் நின்றன. அம்மாவின் பெயருக்கு முன்னால் 'அமரர்' என்றிருந்தது. கண்ணில் பிழையில்லை. அந்த 'அமரர்' என்ற சொல்லை வாசித்துக்கொண்டே சந்தோசப்பட்டேன்.

ஆனால் கண் மங்குவதற்கு முன்னமே அம்மாவுக்குச் சீனி இருந்திருக்கும்தானே. அந்த நினைப்பு வந்ததும் இருக்க முடியவில்லை. குசினியில் அப்பா சோறு வடித்துக்கொண்டிருந்தார்.

"அப்பா, எனக்கும் ஒருக்கா சீனி பாக்கவேணும்."

அப்பா பானையை இறக்கி வைத்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

"நாளைக்கே போவம் பிள்ளை. வெறுவயித்தோட போகவேணும். எழும்பின உடனை தேத்தண்ணி குடிச்சிடாதை."