பதினான்கு பூச்சுப் பச்சை

எதிர்வீட்டு வெர்லின் ஹூசெக் பதினோரு வருஷமாக ஒரே பழைய காரைப் பிரித்துப் புதிதாகக் கட்டிக்கொண்டிருந்தார். ஐம்பத்து மூன்றாம் வருஷத்துக் கார். எப்போ ஓடும் என்று கேட்டால் வருஷா வருஷம் "அடுத்த கோடைக்கு" என்பார்; அமெரிக்காவில், நெப்ராஸ்காவில் எங்கள் தெருவில் அதை எவர் சொன்னாலும் சிரிப்பு வந்துவிடும். பச்சை பெயிண்ட் மட்டும் பதினான்கு பூச்சு, போல்ட் ஓட்டை உட்பட. மனுஷனுக்குக் கிறுக்கு.

அவர் மனைவி நோரீன் முப்பத்தோரு வருஷம் பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றாள். ஜூலை நாலு சுதந்திர தின ஊர்வலத்தில் அவள்தான் முன்னால் போக வேண்டும் என்று ஊர் கூடிச் சொல்லிவிட்டது. "ஒரு நாளாச்சும் நீ சும்மா உக்காரு, நம்ம கார்ல நான் ஓட்டுறேன்" என்று வெர்லின் வாக்குக் கொடுத்தார். அன்றைக்குக் காரில் ஒரு வயர்கூட இல்லை.

புது வயரிங் செட் வந்தது. எந்த வயர் எங்கே போகும் என்று வயரின் மேலேயே அச்சடித்திருந்தது. அப்படியும் மூன்று வாரம் பிடித்தது. ஊர்வலத்தன்று காலை பேட்டரியை மாட்டினார். விளக்கு எரியவில்லை, ஹாரன் அடிக்கவில்லை.

"செட்டே டுபாக்கூருய்யா" என்றார்.

வயர் மேலேயே எழுதியிருந்தும் செட்டைக் குறை சொன்னதும் எனக்குச் சுர்ரென்று ஏறியது. டெஸ்ட் லேம்பை எடுத்துப் போய் ஒரு முனையை பேட்டரி பிளஸில் வைத்தேன். மறுமுனையை மைனஸில் வைத்தால் எரிந்தது. கார் பாடியில் வைத்தால் எரியவில்லை.

"யோவ், மைனஸ் கம்பிய எங்கய்யா முடுக்குன?"

"பாடியிலதான்."

"பாடியிலயா, பெயிண்ட்லயா? இரும்பத் தொட்டாத்தான்யா எர்த் கிடைக்கும். சுரண்டு!"

"உன் மூஞ்சியச் சுரண்டிக்கோ."

வீட்டுக்குள் நோரீன் தீயணைப்பு நிலையத்து லெஸ்ஸிடம் போனில் பேசுவது கேட்டது. "பரவால்ல லெஸ், உங்க தீயணைப்பு வண்டியிலயே வந்துடறேன். அவரும் என்ன பண்ணுவாரு, பாவம்."

அவள் குரலில் கோபமே இல்லை. வெர்லின் ஸ்க்ரூடிரைவரை எடுத்தார். ஒரு காசு அகலத்துக்குச் சுரண்டினார். முகத்தைப் பார்த்தால் தன் பல்லையே பிடுங்கிக்கொள்வது போலிருந்தது. கம்பியை அங்கே முடுக்கி, உள்ளே ஏறி ஹாரனை அமுக்கினார். தெருவே திரும்பிப் பார்த்தது.

நோரீன் போனும் கையுமாக ஓடி வந்தாள். "லெஸ், வேணாம்ப்பா. எனக்கு வண்டி வந்துருச்சு."

பழக்க தோஷம், நேரே டிரைவர் பக்கக் கதவைத் திறந்துவிட்டாள்.

"அந்தப் பக்கம்மா" என்றார் வெர்லின்.

சுற்றிப் போய் உட்கார்ந்தாள். கைகளை என்ன செய்வதென்று தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டாள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். பெயிண்ட் தூசி என்று சொல்லி இருமிக்கொண்டேன்.