வால்ட்டின் தட்டல்

இதைக் கேட்டு நீங்கள் சிரிக்கலாம். அன்று நானும் சிரித்தவன்தான். அதுதான் இன்றுவரை நெஞ்சை அறுக்கிறது. ஆனால் நடந்தது நடந்தது.

டெக்சாஸில், போமாண்ட் ஆற்றுத்துறையில் கட்டிக் கிடக்கிறது எங்கள் 'டெல்டா பயனியர்'. டாங்கிகளையும் ராணுவ லாரிகளையும் ஏற்றிப் போகும் கப்பல். தொண்ணூறில் வளைகுடாவுக்குப் போனது. 2003-இல் மறுபடியும் போனது. அதன்பின் வேலையில்லை. ஆனாலும் உத்தரவு வந்தால் ஐந்தே நாளில் கிளம்ப வேண்டும். அதற்காகத்தான் எங்களைப் போன்ற சிலருக்குச் சம்பளம். லாரிகளைச் சங்கிலியால் கட்டும் தரைக் குழிகளில் இன்றும் பாலைவன மணல் கிடக்கிறது.

முதல் பயணத்தில் கீழ்த்தளத்தில் வால்ட் என்ற மாலுமி செத்தான். புயலில் சங்கிலி அறுந்து, லாரி அவனை நசுக்கிவிட்டது. உதவி கேட்டு இரும்பில் தட்டியிருக்கிறான். அலைச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. அதிலிருந்து பொழுது சாய்ந்தால் கீழே மூன்று தட்டு கேட்கும். நாங்கள் பதிலுக்கு ஒரு தட்டு தட்டி, "சரி வால்ட்" என்போம். அடங்கிவிடும். பழகப் பழகப் பாலும் புளிக்கும். எங்களுக்குப் பேயும் புளித்துவிட்டது.

அந்த ஜனவரி மாலை நானும் என்னோடு வேலை செய்யும் ஆர்லனும் கீழ்த்தளத்தில் வேலை முடித்து மேலே ஏறினோம். பாதிப் படியில் ஆர்லன் நின்றான். டார்ச்சைக் கீழேயே விட்டுவிட்டானாம்.

"நீ போயி காபி போடுடா கிளைட். போன தடவ மாதிரி கழனித்தண்ணியா போட்டுராத."

"வால்ட்டு புடிச்சு வச்சுக்கிட்டா?"

"வச்சுக்கட்டும். உன் காபிக்கு அது தேவலாம்."

சிரித்துக்கொண்டே இறங்கினான்.

சாப்பாட்டு அறையில் காபி கொதித்தது. மணி 5.40.

டங்... டங்... டங்.

குழாயில் ஒரு தட்டு தட்டினேன். "சரி வால்ட்."

அடங்கவில்லை.

டங்... டங்... டங்... டங்... டங்...

ஆர்லன்தான் என்னைப் பயமுறுத்துகிறான் என்று நினைத்தேன். அது அவனுக்குக் கைவந்த கலை. போதும்டா என்று கத்திவிட்டுக் காபியை ஊற்றினேன்.

தட்டல் நிற்கவே இல்லை. அவனுக்கு ஊற்றிய காபி ஆறிப்போனது.

ஆறு மணிக்கு... நின்றது.

அப்போதுதான் பார்த்தேன். கோப்பைக்குப் பக்கத்தில் ஆர்லனின் ஸ்பானர். மதியம் நான்தான் அவனிடம் இரவல் வாங்கியிருந்தேன். அவன் வெறுங்கையோடு போயிருக்கிறான்.

எதை வைத்துத் தட்டினான்?

ஓடினேன்.

கீழ்த்தளம் இருட்டு. தரைக்கு அடியிலிருந்த தொட்டியைக் காற்றாடத் திறந்து வைத்திருந்தோம். அதற்குள்ளிருந்து... வெளிச்சம்.

டார்ச்.

பக்கத்தில் ஆர்லன்.

அசையவில்லை.

துருவேறிய தொட்டி உள்ளே இருக்கும் பிராணவாயுவைத் தின்றுவிடும், தனியாக இறங்கக் கூடாது என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். தொட்டிக்குள் விழுந்து கிடந்த டார்ச்சை எடுக்க ஒரு நிமிடம்தானே என்று இறங்கியிருக்கிறான்.

பரிசோதித்த டாக்டர் பிறகு என்னிடம் சொன்னார். இறங்கியதுமே நினைவு போயிருக்குமாம். ஒரு விரலைக்கூட அசைத்திருக்க முடியாதாம்.

"ஆனா உசுரு ஒடனே போகலப்பா. இருவது நிமிஷம் போல இருந்துருக்கு. அதுக்குள்ள யாராச்சும் வந்துருந்தா..."



அந்த இருபது நிமிடமும் வால்ட் என்னைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தான். எனக்குக் கேட்டது. இரண்டாவது தடவையும் அவன் தட்டலுக்கு யாரும் போகவில்லை.