நான் விழுங்கிய இரண்டு வசனங்கள்

மூன்று மாதமாக எழுதாமல் வைத்திருந்த விஷயம் இது. எழுத இரண்டு பெண்களின் சம்மதம் வேண்டும். ஒருவர் மன்னாரில், மற்றவர் என் வீட்டுக் குசினியில், அடுப்படியில். இரண்டு பேரும் போன கிழமைதான் 'ஓம்' சொன்னார்கள்.

நான் ஒஸ்லோவில் பஸ் ஓட்டுகிறவன், லீவு நாட்களில் மொழிபெயர்ப்பாளன். இது உங்களுக்குத் தெரிந்ததுதான். வசந்த காலத்தில் ஒருநாள் ஓர் உதவி நிறுவனத்திலிருந்து போன் வந்தது. மன்னார்ப் பக்கக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு மருத்துவிச்சி வந்திருக்கிறாராம். பிள்ளைப்பேறு, கருத்தடை, பெண்களின் உரிமை பற்றிப் பேசப்போகிறாராம். வழக்கமாக மொழிபெயர்க்கும் பெண்ணுக்குக் காய்ச்சல். நீங்கள் வரமுடியுமா?

கருத்தடையா... நானா? டிவியில் அந்த விளம்பரம் வந்தாலே ரிமோட்டைத் தேடுகிற ஆள் நான். ஆனாலும் போனேன். இல்லை என்று சொல்ல என் வாய்க்கு வராது.

மருத்துவிச்சியின் பெயர் ஜெசிந்தா. நாற்பது வயதிருக்கும். யாரோ கொடுத்த பெரிய குளிர் ஜாக்கெட்டுக்குள் பாதி ஆள் காணாமல் போயிருந்தார். என்னைக் கண்டதும் ஒரு கணம் தயங்கினார்.

"அண்ணையோ மொழிபெயர்க்கப் போறியள்? சரி, பரவாயில்லை. ஒண்டும் விடாமச் சொன்னாக் காணும்."

மேசையைச் சுற்றி எட்டுப் பேர். ஊரில் இப்போது போர்நிறுத்தக் காலம். இந்த நேரத்தில் அங்கே என்ன செய்யலாம் என்று உண்மையான அக்கறையோடு யோசிப்பவர்கள். பிரசவக் கட்டில் அனுப்பலாமா, கருவிகள் அனுப்பலாமா என்று பட்டியல் வைத்திருந்தார்கள். அவர்களின் தலைவி நரைத்த முடிக்காரி, மெல்லிய குரல். "உங்களுக்கு எது மிக அவசரம்?" என்று கேட்டார்.

ஜெசிந்தா பட்டியலைப் பார்க்கவில்லை. ஒரு பெண்ணைப் பற்றிச் சொன்னார்.

"அவவுக்கு முப்பத்தொரு வயசு. அஞ்சு பிள்ளையள். இன்னொண்டு உடம்பு தாங்காதெண்டு டொக்டர் சொல்லிப்போட்டார். பிள்ளை தங்காம இருக்க ஊசி போடச் சொல்லி என்னட்ட வந்தவ. எங்கட கிளினிக்கில மனிசன்ர கையெழுத்துக் கேக்கிற பழக்கம். அவர் வைக்கமாட்டன் எண்டிட்டார். 'எனக்கு என்ர மனிசனில விருப்பம், மிஸ்ஸி. அவரோட பயமில்லாமப் படுக்கவேணும்' எண்டு அழுதவ. நான்தான் திருப்பி அனுப்பினனான். ரெண்டு தரம். மூண்டாந்தரம் வரேக்க நாலு மாசம். பிள்ளை தப்பீட்டுது... அவ தப்பேல்லை."

இனி நான் நோர்வேஜிய மொழியில் சொன்னதைக் கேளுங்கள். "ஐந்து பிள்ளைகளின் தாய் ஒருவர் குடும்பத்தோடு நிம்மதியாக வாழ விரும்பினார். கணவரின் கையெழுத்து இல்லாததால் ஊசி கிடைக்கவில்லை. ஆறாவது பிரசவத்தில் இறந்துவிட்டார்."

பொய் இல்லை. ஆனால் 'படுக்கவேணும்' எங்கே? 'நான்தான்' எங்கே? முதலாவதை வெட்கத்தில் விழுங்கினேன். இரண்டாவதை இரக்கத்தில். பாவம், இவ்வளவு தூரம் வந்தவள்... வெள்ளைக்காரர் முன்னால் தன்னையே காட்டிக்கொடுக்கிறாளே என்று.

எட்டுப் பேரும் தலையாட்டி எழுதிக்கொண்டார்கள். ஜெசிந்தா அவர்களின் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"அண்ணை, ஒருத்தற்ர முகமும் மாறேல்லையே. நீங்கள் என்ன சொன்னனீங்கள்?"

"எல்லாம் சொன்னனான்."

"படுக்கிற கதை?"

நான் தண்ணீர்க் கிளாஸை எடுத்தேன்.

"நான்தான் அனுப்பினனான் எண்டது?"

"உங்களைப் பிழையா நினைச்சுப்போடுவினம், தங்கச்சி."

"நினைக்கட்டும். நான் பிழைதானே செய்தனான்? அதைச் சொல்லத்தான் பிளேன் ஏறி வந்தனான்." குரல் உயரவில்லை. கண் மட்டும் நிறைந்திருந்தது. "அவ வெக்கத்தை விட்டுப்போட்டு என்னட்டக் கேட்டவ, அண்ணை. நான் கேட்டும் கேளாத மாதிரி இருந்திட்டன். நீங்களும் மறைச்சா, அவ கேட்டது இனி ஆருக்குக் கேக்கும்?"

'உரிமை' என்ற சொல்லை நம் ஆட்கள் எத்தனை மேடையில் முழங்கியிருக்கிறோம்! மண்ணுக்கு உரிமை, மொழிக்கு உரிமை. உடம்பு என்று வந்தால் மட்டும் ஏன் எல்லோரும் தொண்டையைச் செருமுகிறோம்?

மேசையைப் பார்த்து, "மன்னிக்கவேண்டும், இரண்டு வசனங்களை நான் விட்டுவிட்டேன்" என்றேன். காது சுட்டது. இரண்டையும் சொன்னேன், ஒரு சொல் குறையாமல். தலைவி கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். யாரும் எழுதவில்லை.

"கட்டில் பிறகு தாங்கோ" என்றார் ஜெசிந்தா. "முதல்ல கிளினிக்குக்குள்ள ஒரு சுவர், ஒரு கதவு. மாமியும் மனிசனும் வெளியில நிக்க, அவ தனிய இருந்து கதைக்க. ஊசி தட்டுப்பாடில்லாம வரவேணும். கையெழுத்துக் கேக்கக் கூடாதெண்டு ஒரு கடிதமும் தாங்கோ. வெளிநாட்டுக் கடிதமெண்டால் எங்கட கிளினிக் பெரியவருக்கு ஒரு மரியாதை."

எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் எழுதிக்கொண்டார்கள்.

அன்று பின்னேரம் ஜெசிந்தாவை டி-பான் ரயிலில் ஏற்றி ஸ்டோவ்னரில் இருக்கும் எங்கள் வீட்டுக்குக் கூட்டிவந்தேன். மனைவி ரஞ்சினி இடியப்பமும் சொதியும் வைத்திருந்தாள். நான் செய்த கூத்தை ஜெசிந்தா சொல்லச் சொல்ல ரஞ்சினி சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது.

"உங்களுக்கு எத்தினை பிள்ளையள் அக்கா?" என்று கேட்டார் ஜெசிந்தா.

"மூண்டு." ரஞ்சினி அகப்பையைக் கீழே வைத்தாள். "மூண்டாவதோட நான் சரியா உடம்பு ஏலாமப் போனன். பிறகு தனியப் போய் டொக்டரிட்டக் கதைச்சு, ஊசி போட்டுக்கொண்டு வந்தனான். இவருக்கு இண்டைக்கு வரைக்கும் தெரியாது."

எனக்குத் தெரியாமல் பன்னிரண்டு வருடம்! அதில் பாதிக் காலம் நான் ஞாயிறு பூசை முடிய மாதாவின் முன்னால் நின்று, நாலாவதாக ஒரு பொடியனைத் தா என்று மெழுகுதிரி கொளுத்தியவன். பக்கத்தில் நின்று அவளும் கும்பிட்டாள். என்ன கேட்டுக் கும்பிட்டாளோ!

கோபம் வந்தது. மறைக்காமல் சொல்கிறேன், வந்தது. "நீர் ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"'உமக்கு ஏலுமோ' எண்டு நீங்கள் ஒருநாளும் கேக்கேல்லையே." அவ்வளவுதான். குற்றம் சொல்கிற குரல்கூட இல்லை.

அவள் அந்த வருடம் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தது நினைவில் இருந்தது. பார்த்திருக்கிறேன். களைப்பு என்று எனக்கு நானே மொழிபெயர்த்துக்கொண்டேன். அவள் பயந்து பயந்து என் பக்கத்தில் படுத்திருந்திருக்கிறாள், நான் குறட்டை விட்டிருக்கிறேன்.

"இப்ப கேக்கிறன்" என்றேன். "ஏலுமோ உமக்கு?"

"இப்ப ஏலும்" என்று சொல்லி, என் சாப்பாட்டுக் கோப்பையில் இன்னொரு இடியப்பம் வைத்தாள். ஜெசிந்தா ஜன்னல் பக்கம் திரும்பி மூக்கைச் சிந்திக்கொண்டார்.

சில கிழமையில் நிறுவனம் சம்மதித்தது. கடிதமும் போனது. போன கிழமை ஜெசிந்தா போன் எடுத்தார். சுவர் எழும்பிவிட்டதாம். கதவை உள்ளே இருந்து பூட்டலாமாம். முதல் நாளே ஒரு பெண் வந்து, பூட்டு விழுந்ததா என்று கதவை இரண்டு தரம் இழுத்துப் பார்த்துவிட்டு, பிறகு வாய் திறந்தாளாம்.

எனக்கு ஆவல் தாங்கவில்லை. "என்ன கேட்டவ, தங்கச்சி?"

"அதைச் சொல்லேலாது அண்ணை. அதுக்குத்தானே கதவு போட்டனாங்கள்!"