மஞ்சள் அறையில் ஒரு மிளகுச் சரம்

போன ஞாயிறு கொல்லிமலைக்குப் போயிருந்தேன். அருவி பார்க்க இல்லை... ஓர் அறையைப் பார்க்க!

மதுரா என்ற சென்னைப் பெண், அங்கே வளப்பூர் நாடு என்ற ஊரில் சும்மா கிடந்த ஒரு குடோனில் ஆர்ட் இன்ஸ்டலேஷன் வைத்திருக்கிறார். படம் கிடையாது, சிலை கிடையாது. ஜன்னலையெல்லாம் அடைத்துவிட்டு, கூரை முழுக்க ஒரே மாதிரி மஞ்சள் விளக்கு. அந்த வெளிச்சத்தில் வேறு எந்த நிறமும் தெரியாது. பத்து நிமிஷம் உள்ளே நிற்க வேண்டும், அவ்வளவுதான். இதுக்குப் பேர் கலையா? நானும் அப்படித்தான் நினைத்தேன்.

“வீட்டிலிருந்து கலரா ஏதாவது எடுத்துட்டு வாங்க” என்று ஊரில் சொல்லியிருந்தார். ஒருவர் பிளாஸ்டிக் குடம், இன்னொருவர் கல்யாணப் பட்டு... பாப்பாத்தி என்ற பெண் கொண்டு வந்தது ஒரு மிளகுச் சரம். பச்சைக் காய்களுக்கு நடுவே நாலைந்து நல்ல சிவப்பு. கூடவே அவர் கணவர் பழனிசாமி.

அவரைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. தோட்டக்கலைத் துறையில் இருந்தபோது இந்த மலையில்தான் எனக்குப் போஸ்டிங். மிளகுச் சரத்தில் ஒன்றிரண்டு காய் சிவந்தால்தான் பறிக்க வேண்டும். ஏணியில் ஏறுகிறவர் அந்தச் சிவப்பைப் பார்த்துத்தான் கை வைப்பார். பழனிசாமியோ பிஞ்சைப் பறித்துவிட்டுப் பழுத்ததைக் கொடியிலேயே விட்டுவிடுவார்.

ஒருநாள் பயிற்சி முகாமில் அவருடைய கூடையைக் கவிழ்த்துக் காட்டி, மைக்கில் கேட்டேன்: “கண்ணைக் கழற்றி வீட்டிலேயே வெச்சுட்டு வந்துட்டீங்களா?”

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. பாப்பாத்தியும்தான். அந்த ஜோக் மேல் எனக்கு ஏகப்பட்ட பெருமை — அடுத்த ஊர்க் கூட்டங்களிலும் சொன்னேன்.

சரி, அறைக்குள் போனோம். பட்டுப்புடவை சாம்பல் நிறமாகிவிட்டது. குடம் பழுப்பு. பாப்பாத்தி சரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“ஏனுங்க, செவப்பே காணமுங்க! எல்லாக் காயும் ஒண்ணாட்டமே இருக்குது!”

பழனிசாமி அதைக் கையில் வாங்கினார். “இதுல என்ன அதிசயம்? மெளகு எப்பவும் இப்படித்தான இருக்கும்?”

விளையாடுகிறார் என்று நினைத்தோம். வெளியே வெயிலுக்கு வந்ததும் மதுரா அதே சரத்தைக் காட்டி, “சிவப்புக் காயைத் தொட்டுக் காட்டுங்க” என்றார். அவர் தடவித் தடவிப் பார்த்தார். கடைசியில் ஒரு பச்சையைத் தொட்டார்.

யாரும் சிரிக்கவில்லை.

“ஏன் இத்தனை நாள் சொல்லலைங்க?” என்றேன்.

“எல்லாருக்கும் இப்படித்தான் தெரியும்னு நெனச்சனுங்க சார். நீங்கெல்லாம் எப்படியோ கண்டுபுடிச்சறீங்க, எனக்குத்தான் வெவரம் பத்தலைன்னு இருந்துட்டனுங்க.”

பாப்பாத்தி புடவைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டார். “அன்னைக்கு முகாம்லிருந்து வந்தவரு, ஏணியில ஏறவே இல்லீங்க சார். நாந்தான் ஏறறேன். ஏணியைப் புடிச்சுக்கிட்டு நிப்பாரு. அதுக்கும் திட்டுவனுங்க...”

சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரியாத கண் சிலருக்கு உண்டு. படித்தவன் நான், எனக்குத் தெரியும். ஆனால் ஒரே ஒரு கேள்வி... “உங்களுக்கு இது என்ன கலராத் தெரியுது?” என்று கேட்கத் தோன்றவில்லையே! ஜோக் தயாராக இருந்ததால், கேள்வி வரவில்லை. அதை நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

சாயங்காலம் பஸ் ஸ்டாப்பில் அவரைத் தனியாக அழைத்து மன்னிப்புக் கேட்டேன். “அட, விடுங்க சார். பஸ் வந்துருச்சு, ஏறுங்க” என்றார். நானும் ஏறிவிட்டேன்.

சேந்தமங்கலம் தாண்டும்போதுதான் உறைத்தது — கிண்டலுக்கு மைக், மன்னிப்புக்கு மட்டும் ரகசியமா? அதனால் இந்த வாரம் இந்தப் பத்தியிலேயே, எல்லோர் முன்னாலும் சொல்லிவிடுகிறேன்.

பழனிசாமி... அன்றைக்குக் கண்ணைக் கழற்றி வைத்துவிட்டு வந்தவன் நான்தான்.