இறங்கிருச்சு என்றால் நல்ல சேதி

எனக்கு முதலில் வந்தது வியர்வைதான். வெம்பக்கோட்டைப் பக்கம் வெயில் காலத்தில் வியர்க்காத ஆள் உண்டா என்று நானும் அதைக் கண்டுகொள்ளவில்லை. காலை வேலைக்கு நடுவே கழுத்தும் முதுகும் நனைந்துபோகும். கை லேசாக உதறும். பசி வந்து வயிற்றைக் கிள்ளும். கொஞ்ச நேரத்தில் எல்லாம் தானாகச் சரியாகிவிடும், நானும் மறந்துவிடுவேன்.

நான் பட்டாசுக் கம்பெனியில் பூச்சட்டிக்கு, அதாவது புஸ்வாணத்துக்கு, மருந்து அடைக்கிற வேலை பார்த்தவள். எங்கள் ஊரில் மருந்து என்றால் பட்டாசுக்குள் போகிற கலவை. நோய்க்குத் தின்பது மாத்திரை. இதைப் படிக்கிற வெளியூர்க்காரர்கள் குழம்பக் கூடாது என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

சர்க்கரை நோய் இருப்பது சில வருடங்களுக்கு முன்பே தெரியும். மருத்துவர் இரண்டு விதமான மாத்திரை கொடுத்திருந்தார். அளவு ஒரு நாள் மலையில் நிற்கும், மறுநாள் பள்ளத்தில் கிடக்கும். கல்யாண வீட்டில் சாப்பிட்டால் அந்த வாரம் முழுக்கப் பாதம் எரியும். அந்த எரிச்சலில்தான், அரிசியை நிறுத்தினால் சர்க்கரை அடங்கும் என்று கைபேசியில் ஒருவர் பேசியதைக் கேட்டேன். நான் ஒன்றைப் பிடித்தால் விடுகிற ஆள் இல்லை. மறுநாளே சோறு, இட்லி, தோசை எல்லாவற்றையும் நிறுத்திவிட்டேன். முட்டை, கீரை, வேர்க்கடலை, மோர், பக்கத்து அணையில் பிடித்த மீன் கிடைத்தால் மீன். அவ்வளவுதான்.

லோடு ஆட்டோ ஓட்டுகிற என் வீட்டுக்காரருக்கு ஒரே கேலி. “ஏத்தா, நீ திங்கிற முட்டைக்கு இனிமே நம்ம வீட்டுல கோழியத்தான் குடி வைக்கணும்” என்பார். ஆனால் பரிசோதனைக்குப் போய்விட்டு வந்தால் வண்டியை நிறுத்தும்போதே கேட்பார், “இறங்கிருச்சா?” இறங்கிருச்சு என்றால் அன்றைக்கு வீட்டில் எல்லோருக்கும் முகம் மலர்ந்துவிடும். இன்னும் இறங்கட்டும் என்று ஆசைப்பட்டோம். இறங்குவதிலும் ஆபத்து உண்டு என்று எங்கள் யாருக்கும் தெரியாது.

மாத்திரையை மட்டும் நான் குறைக்கவில்லை. சாப்பாட்டை மாற்றியது என் விருப்பம், மாத்திரை மருத்துவர் சொன்னது, இரண்டும் வேறு வேறு காரியம் என்று நினைத்துவிட்டேன்.

அன்று காலையும் முட்டையைத் தின்று, மாத்திரையைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனேன். மருந்து அறைக்குள் எதையும் கொண்டுபோக முடியாது. சேலையில் குத்தின ஊக்கைக்கூட வாசலில் கழற்றி வைக்க வேண்டும். ஒரு வாய் தண்ணீர் வேண்டுமென்றாலும் வெளியே வந்து கைகால் கழுவிவிட்டுத்தான் குடிக்க வேண்டும். தீபாவளி ஆர்டர் நெருக்கிக்கொண்டிருந்த சமயம். இன்னும் கொஞ்சம் முடித்துவிட்டு எழுந்திருப்போம் என்று பசியை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உதடு மரத்துப்போனது ஞாபகம் இருக்கிறது. அதற்குமேல் எனக்குத் தெரியாது, முத்துலட்சுமி சொல்லித்தான் தெரியும்.

முத்துலட்சுமி எனக்கு எதிரே உட்கார்ந்து வேலை பார்த்தவள். சொந்தம் இல்லை, ஒரே தெரு. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து என்னை மதினி என்றுதான் கூப்பிடுகிறாள். எங்கள் அறையில் நாலு பேர். மற்ற இருவர் மாறிக்கொண்டே இருப்பார்கள், நாங்கள் இருவரும் மாறியதே இல்லை.

நான் கண்ணைத் திறந்துகொண்டே தூங்கினேனாம். கூப்பிட்டதற்குத் திட்டினேனாம். மருந்துத் தட்டு என் கைபட்டுச் சாய்ந்து தரையில் கொட்டியிருக்கிறது. அதை அள்ளுகிறேன் என்று தட்டைத் தரையோடு வைத்துத் தேய்த்து இழுத்திருக்கிறேன். மருந்து அறையில் எதையும் தேய்த்து இழுக்கக் கூடாது. உரசல் ஒன்று போதும், அறை இருக்காது. முதல் நாள் வேலைக்கு வருகிறவர்களுக்கு நானே எத்தனையோ தடவை சொல்லிக் கொடுத்திருக்கிறேன்.

மற்ற இருவரும் வெளியே ஓடினார்கள். ஓடத்தான் வேண்டும், அதுதான் முறை. முத்துலட்சுமி ஓடவில்லை. என் மணிக்கட்டைப் பிடித்துத் தட்டை மெல்லத் தூக்கி எடுத்து வைத்துவிட்டு, என்னை இடுப்போடு கட்டி வெளியே இழுத்து வந்து வேப்பமரத்தடியில் போட்டாள். அங்கே கூடியவர்கள், “சுகர் ஏறிருச்சு போல, இனிப்பு எதும் குடுத்துராதீக” என்றார்களாம். எங்களுக்கெல்லாம் சர்க்கரை என்றால் ஏறுவது மட்டும்தான் நோய்.

சாத்தூரில் ஒரு மருத்துவமனையில் நரம்பு வழியாகக் குளுக்கோஸ் ஏறிய பிறகுதான் எனக்கு நினைவு வந்தது. தாழ்சர்க்கரை (ரத்தத்தில் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கிவிடுவது) என்றார் அங்கிருந்த பெண் மருத்துவர். எழுபதுக்குக் கீழே போனாலே கவனிக்க வேண்டுமாம். எனக்கு அதற்கும் வெகு கீழே போயிருந்தது.

“சோத்தை நிறுத்துனீங்க சரி. மாத்திரைய யாரு குறைச்சது?” என்று கேட்டார்.

“யாரும் குறைக்கல மேடம்.”

“அதுதாம்மா தப்பு. நீங்க போடுறதுல ஒண்ணு கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைக்கிற மாத்திரை. வயித்துல மாவுச்சத்தே இல்லாதப்போ அது இருக்கிற சர்க்கரையையும் எடுத்துரும். இந்த வேர்வை, நடுக்கம் எல்லாம் முன்னாடியே வந்திருக்குமே?”

வந்தது என்றேன். அடிக்கடி இப்படி இறங்கினால் உடம்பு எச்சரிக்கை செய்வதையே மறந்துவிடும் என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. இத்தனை நாள் வெயில் என்று துடைத்துப் போட்ட வியர்வையெல்லாம் என் உடம்பு என்னிடம் கத்தியதுதான் என்று அப்போதுதான் விளங்கியது.

இதே பாதையில் இருப்பவர்களுக்குச் சொல்கிறேன். மாவுச்சத்தைக் குறைப்பது எனக்கு நல்லதுதான் செய்தது, இன்றும் அப்படித்தான் சாப்பிடுகிறேன். ஆனால் மாத்திரை போடுகிறவர்களும் இன்சுலின் குத்துகிறவர்களும் மருத்துவரிடம் சொல்லாமல் சாப்பாட்டை மாற்றாதீர்கள். மடியில் கொஞ்சம் சர்க்கரை வைத்திருங்கள். வியர்த்து உதறும்போது, நினைவு இருக்கிறபோதே வாயில் போடுங்கள். நினைவு தப்பியவருக்கு வாயில் எதையும் திணிக்காமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.

கணையத்தைத் தூண்டுகிற அந்த மாத்திரையை நிறுத்தினார்கள். விரலில் குத்திப் பார்க்கிற கருவியை வாங்கிக்கொண்டேன். ஒரு சின்னக் கிண்ணம் சோறு மதியத்துக்கு மட்டும் திரும்ப வந்தது. கம்பங்கூழ் எவ்வளவு குடித்தாலும் ஒன்றும் செய்யாது என்று நம்பியிருந்தேன். குடித்துவிட்டுக் குத்திப் பார்த்தால் அதுவும் ஏற்றத்தான் செய்தது. அளவோடு வைத்துக்கொண்டேன். மெல்ல மெல்ல ஏற்ற இறக்கம் ஓய்ந்தது. பாத எரிச்சல் விட்டது. “இனி அப்படி இறங்க வாய்ப்பு ரொம்பக் குறைவு, தைரியமா இருங்க” என்றார் மருத்துவர்.

தைரியம் வந்ததும் கம்பெனிக்குப் போனேன். எனக்கு என் பழைய அறைக்கே திரும்பிப் போக வேண்டும். வீட்டில் உட்கார்ந்து அட்டைப்பெட்டி ஒட்டுகிற வேலை கிடைக்காமல் இல்லை. ஆனால் நான் நாலு பேரோடு உட்கார்ந்து வாயடித்துக்கொண்டே வேலை பார்த்துப் பழகியவள். போர்மேன் தயங்கினார். “எனக்கு ஒண்ணுமில்லக்கா. அந்த ரூம்ல இருக்கிறவுக சம்மதிச்சா வாங்க. முத்துலட்சுமிகிட்டப் பேசுங்க” என்றார். எனக்கு அப்போதே பாதி உயிர் வந்துவிட்டது. முத்துலட்சுமி மறுக்கவா போகிறாள்?

ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டுக்குப் போனேன். பிரசவத்துக்கு வந்த மகள் உள்ளே பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். முத்துலட்சுமி எனக்குக் காப்பிக்குப் பதிலாக மோர் கொண்டுவந்து வைத்தாள். நான் எல்லாவற்றையும் சொன்னேன், கருவியை எடுத்து அளவுகளைக்கூடக் காட்டினேன். அவள் பார்க்கவே இல்லை.

“வேணாம் மதினி” என்றாள்.

“எனக்குத்தான் சரியாயிருச்சே.”

“ஒங்களுக்குச் சரியாயிருச்சு மதினி. எனக்கு இன்னும் ஆகலயே. கண்ண மூடுனா ஒங்க கை அந்தத் தட்ட இழுக்கிறதுதான் தெரியுது. ஒங்களுக்கு ஒண்ணும் ஞாபகமில்ல. பூரா எனக்குல்ல ஞாபகமிருக்கு. நீங்க எதிர உக்காந்தா நான் மருந்தப் பாப்பனா, ஒங்க கையப் பாத்துக்கிட்டு இருப்பனா?”

ஓடாமல் நின்று என்னைத் தூக்கி வந்தவள் அவள். கோபம் வரும் என்று பார்த்தேன், வரவில்லை. காட்டிய கருவியைப் பைக்குள் வைத்தேன். இந்த நோயில் என் உடம்பு மட்டும்தான் கெட்டது என்று அதுவரை நினைத்திருந்தேன். அவளும் அழுதாள், நானும் அழுதேன்.

மகள் பிள்ளையோடு வெளியே வந்தாள். பிறந்து ஒரு மாதம்கூட ஆகாத பெண் பிள்ளை. முத்துலட்சுமி கண்ணைத் துடைத்துக்கொண்டு அதை வாங்கி, யோசிக்காமல் என் பக்கம் நீட்டினாள்.

“இந்தாங்க மதினி, புடிங்க. கொஞ்ச நேரம் ஒங்க கையில இருக்கட்டும்.”

அவள் நம்பித்தான் நீட்டினாள். எனக்குத்தான் கை போகவில்லை. வியர்வை இல்லை, நடுக்கம் இல்லை, பசியும் இல்லை. இருந்தும் இந்த உடம்பு நிஜமாகவே சரியாக இருக்கிறதா, சர்க்கரை இறங்குவதை என்னிடம் சொல்லாமல் இருக்கிறதா என்று எனக்குத் தெரியவில்லை.

“இரு” என்று கருவியை எடுத்து விரலில் குத்தினேன். எண் வருவதற்கு ஒரு பெருமூச்சு நேரம்தான் ஆகும். பிள்ளையை நீட்டிய கையோடு அவள் நின்றாள். ஒரு வருடம் போல இருந்தது எனக்கு.

எண் வந்தது. நன்றாகத்தான் இருந்தது. அதற்குப் பிறகுதான் கையை நீட்டினேன்.