காதர் பாய் கொண்டுவந்த ஐஸ்

காதர் பாய் போயிட்டார்.

காலையில காபி டம்ளரோட உட்கார்ந்தேன், போன் அடிச்சுது. அவர் பையன் சலீம். "ஆன்ட்டி, அத்தா தவறிட்டாரு..." அதுக்கப்புறம் அவன் இன்னொன்னும் சொன்னான். அதுல ஆடிப் போய் உட்கார்ந்திருக்கேன். எழுத்துப் பிழை இருந்தா பொறுத்துக்கோங்க.

தெரியாதவங்களுக்கு... மாமல்லபுரம் பக்கம் மீனுக்கு ஐஸ் போடற கடை வச்சிருந்தவர். எழுபதுகளோட கடைசியில நான் செங்கல்பட்டுல ஒரு சின்ன ஆஸ்பத்திரியில லேப் டெக்னீஷியன். வேலைக்குப் புதுசு, வாய் மட்டும் நீளம்.

அவர் மனைவி ஜைனம்பு அக்காவுக்கு மார்புல கட்டி. அக்குள்லயும் நெறி கட்டியிருந்தது. அப்பதான் மெட்ராஸ்ல ஒரு ஆராய்ச்சி லேப்ல புது டெஸ்ட் ஒண்ணு செய்யறாங்கன்னு எங்க டாக்டருக்குத் தகவல் வந்திருந்தது.

பாய்க்கு அதைப் புரிய வைக்கிற வேலை எனக்கு. "சில கட்டியில செல்லுக்குள்ள ஒரு புரதம் இருக்கும் பாய், ரிசெப்டர்னு பேரு. பெண் ஹார்மோன் வந்து அதுகூட ஒட்டிக்கிட்டா, அது ஜீன் இருக்கிற இடத்துக்கே போய் வளரச் சொல்லி சுவிட்சைப் போட்டுடும். அந்தப் புரதம் இருந்தா, சினைப்பையை எடுத்து ஹார்மோனைக் குறைச்சா கட்டி சுருங்க வாய்ப்பிருக்கு. இல்லைன்னா அந்த ஆபரேஷனே வீண்."

"அது இருக்குதா இல்லியான்னு எப்டி தெரியும்?"

"ஒரு துண்டு வெட்டி, சூடு படாம மெட்ராஸுக்கு எடுத்துட்டுப் போகணும். சூடு பட்டா அந்தப் புரதம் கெட்டுடும்."

பாய் அன்னிக்குத்தான் முதல் தடவையா சிரிச்சார். "அட, இவ்ளோதானா தங்கச்சி? மீனையே நாறவுடாம மெட்ராஸுக்கு அனுப்பறேன், எம் பொஞ்சாதிய வுட்ருவனா?"

துண்டு எடுக்கற அன்னிக்குச் சொன்ன மாதிரியே வந்தார். மரப்பெட்டி, மரத்தூள், உடைச்ச ஐஸ், நடுநடுவுல கல்லுப்பு.

லேப்ல இருந்தவங்களுக்குத் தெரியும். சதைத் துண்டு கைக்கு வந்தா அடுத்த நொடி, அது அழுகாம வைக்கிற ஃபார்மலின் பாட்டில்... யோசிக்கவே மாட்டோம், கை தானா போகும். ஆனா ஃபார்மலின்ல போட்டுட்டா இந்த டெஸ்ட் பண்ண முடியாது. 'வெறும் டப்பால வச்சு ஐஸ்ல புதைச்சு அனுப்பும்மா'ன்னு டாக்டர் அன்னிக்குக் காலையிலதான் சொல்லியிருந்தார்.

என் கை ஃபார்மலினுக்குத்தான் போச்சு.

மூடி போட்டு, லேபிள் ஒட்டி, ஐஸ்ல அழகா புதைச்சு, நானே பாய் கையில குடுத்தேன். குழந்தையைத் தூக்கற மாதிரி பெட்டியைத் தூக்கிட்டு ரயிலுக்குப் போனார்.

மறுநாள் மெட்ராஸ்ல இருந்து தகவல் வந்ததும் டாக்டர் கதவைச் சாத்திட்டு என்னைக் காய்ச்சி எடுத்துட்டார். பாய்கிட்ட யாரும் விவரம் சொல்லல. 'சாம்பிள் வீணாயிடுச்சு, இன்னொரு துண்டு வேணும்', அவ்வளவுதான்.

பாய் லேப் வாசல்ல வந்து நின்னார்.

"ஐஸு கரைஞ்சு பூட்ச்சா தங்கச்சி? ரயிலு வேற லேட்டு. இன்னும் கொஞ்சம் மரத்தூள் போட்டிருக்கணும் நானு..."

"ஆமா பாய்"ன்னேன்.

வேலை போயிடுமேன்னு பயம். அந்த நிமிஷம் தப்பிச்சா போதும்னு இருந்தது.

ரெண்டாவது துண்டை அக்குள்ல இருந்து எடுத்தாங்க. மரத்துப் போற ஊசி சரியா வேலை செய்யல. ஜைனம்பு அக்கா முந்தானையைக் கடிச்சுகிட்டாங்க. கையைப் பிடிச்சிருந்த நான்தான் அழுதேன். அதுக்கு அந்த மகராசி சொன்னது: "அழுவாத தங்கச்சி. ஐஸு கரைஞ்சா நீ இன்னா பண்ணுவ?"



இந்தத் தடவை பாய் ரெண்டு பெட்டி கொண்டுவந்தார். ஒரு படகு மீனுக்குப் போதும் அந்த ஐஸ், நகம் அளவு சதைக்கு.

ரிசல்ட் வந்தது. அந்தப் புரதம் இருந்தது. சினைப்பையை எடுத்தாங்க, சில மாசத்துல கட்டி சுருங்கினதை நானே தொட்டுப் பார்த்தேன். அக்கா பதினோரு வருஷம் இருந்தாங்க. சலீம் பள்ளிக்கூடம் முடிச்சதைப் பார்த்துட்டுத்தான் போனாங்க.

அதுக்கப்புறமும் பாய் எனக்கு வஞ்சிரம் குடுத்தனுப்புவார். பெட்டியைத் திறந்தா மீனை விட ஐஸ்தான் அதிகம். "மீன் எங்க பாய்?"னு கிண்டல் பண்ணுவேன். "கரையக் கூடாது தங்கச்சி"ம்பார். நானும் சிரிப்பேன்... சிரிச்சிருக்கேன், பாவி.

காலையில சலீம் சொன்னது இதுதான். "போன வாரங்கூட பொலம்பிக்கினு இருந்தாரு ஆன்ட்டி. அன்னிக்கு என் ஐஸு மட்டும் கரையாம நின்னிருந்தா, உங்கம்மாவ ரெண்டு தபா கீறியிருக்க மாட்டாங்கன்னு."

நாற்பது வருஷத்துக்கு மேல ஆச்சு. இவ்வளவு நாளும் அதைச் சுமந்துகிட்டே இருந்திருக்கார் மனுஷன். எனக்குத் தெரியாது. மறந்திருப்பார்னு நினைச்சேன்.

காலையில சலீம்கிட்ட போன்லயாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். வாய் திறக்கல. அதான் எல்லார் முன்னாடியும் எழுதறேன்.

சலீம், அடக்கத்துக்குக் கிளம்பிட்டேன்ப்பா. நான் வந்து சேர்றதுக்குள்ள இதைப் படிச்சுடு. படிச்சுட்டு உள்ள விட்டா வர்றேன், இல்லைன்னா தெருவுலயே நிக்கறேன்.

பாய்... உங்க ஐஸ் கரையல. மெட்ராஸ்ல பெட்டியைத் திறந்தப்பகூட பாட்டில் ஜில்லுனு இருந்துச்சாம், டாக்டர் என்னைத் திட்டும்போது சொன்னார்.

போயிட்டு வாங்க பாய்.