கிள்ளியப்பனும் பார்வையாளர் பதிவேடும்

ஜமுனாமரத்தூரில் பஸ் நிற்கிற இடத்திலிருந்து கல் எறிந்தால் விழுகிற தூரத்தில் ஒரு மஞ்சள் கட்டடம் இருக்கிறது. எறிந்து பார்க்க வேண்டாம். காவலர் தீர்த்தகிரி கத்தினால் ஏழு மலைக்குக் கேட்கும். அதே ஆளுக்குக் கோபம் ஆற ஒரு பீடி போதும்.

கட்டடத்தின் பெயரைப் படித்து முடிப்பதற்குள் போளூர் பஸ் புறப்பட்டுவிடும். ‘மறைந்த முன்னாள் அமைச்சர் நெடுங்கிள்ளியார் நினைவு வட்டார அரசு ஆவணக் காப்பகம்’ என்று அவ்வளவு நீளம். நெடுங்கிள்ளியார் உயிரோடு இருந்த காலத்தில் இந்த மலையை மிதித்ததே இல்லை. ஒருமுறை கிளம்பினார். மூன்றாவது வளைவில் கார் கொதித்தது, அவருக்கும் வயிற்றைப் புரட்டியது, இரண்டு பேரும் திரும்பிப் போய்விட்டார்கள். அந்த மூன்று வளைவுத் தூரத்துக்கு அவர் மலைமக்களுக்கு ஆற்றிய தொண்டைப் பற்றி, 1979இல் நடந்த திறப்பு விழாவில் ஒன்றே முக்கால் மணி நேரம் பேசினார்கள்.

தீர்த்தகிரி அப்போது சிமெண்ட் மூட்டைக்குக் காவல். அதற்கு முன்னால் வருஷா வருஷம் குடகுக்குப் போய்க் காப்பித் தோட்டத்தில் பழம் பறித்தவர். அவர் காலில் அட்டைகள் குடித்த ரத்தத்தைச் சேர்த்து வைத்திருந்தால் குடகில் இன்னொரு ஏரி வெட்டியிருக்கலாம். விழா முடிந்து பெரியவர்கள் எல்லாரும் ஜீப் ஏறிப் போனபோது கட்டடத்தின் சாவி அவர் இடுப்பில் இருந்தது. யாரும் கேட்கவில்லை, அவரும் கொடுக்கவில்லை. மூன்று மாதம் கழித்து, சாவி வைத்திருப்பவரையே தற்காலிகக் காவலராக வைத்துக்கொள்ளலாம் என்று ஓர் உத்தரவு வந்தது.

அவர் மனைவி மங்கம்மாள் அன்றைக்கே குடகுக் கம்பளியை மடித்துப் பரணில் போட்டாள். இனிமேல் அது கீழே இறங்கினால் தானும் அம்மா வீட்டுக்கு இறங்கிவிடுவதாகச் சொல்லி வைத்தாள்.

கீழேயிருந்து இரண்டு லாரியில் பழைய நிலப் பதிவேடுகளும் பிறப்பு இறப்புக் கணக்குகளும் காட்டிலாகாக் கட்டுகளும் வந்து இறங்கின. ஓர் எழுத்தரும் வந்தார். மலைக் குளிரை ஓர் இரவு பார்த்தார், மறுநாள் விடுப்பில் போனார். அந்த விடுப்பு இன்னும் முடியவில்லை. ஆக, காவலர், எழுத்தர், பியூன், மேலதிகாரி எல்லாமே தீர்த்தகிரிதான். படித்தது இரண்டாம் வகுப்பு. தன் பெயரையும் சின்னச் சின்ன வார்த்தைகளையும் எழுதுவார், அதுவும் விறகு பிளக்கிற மாதிரி வேர்த்து விறுவிறுத்து.

முதல் வருஷம் வந்தவர்கள் மூன்று. ஒருவர் மழைக்கு ஒதுங்கினார். இன்னொருவர் மாட்டு ஆஸ்பத்திரி இதுதானா என்று கேட்டார். மூன்றாவது ஓர் ஆடு. அது கைநாட்டு வைக்க மறுத்துவிட்டதால் பார்வையாளர் பதிவேட்டில் ஏற்றவில்லை.

அப்புறம்தான் செல்லி வந்தாள். மூன்று நாளாக மாட்டைக் காணோம் என்று தேடிக்கொண்டு வந்தவள், வாசலில் இருந்த கல்வெட்டைப் பார்த்து நின்றாள். எங்கள் மலையில் ஆள் செத்தால் அவர் பேரில் ஒரு கல் நடுவோம். கல் இருக்கிற இடத்தில் ஆள் இருப்பார். ஆளை ஓரிடத்தில் வைத்துப் பேரை வேறிடத்தில் வைக்கிற பழக்கம் எங்களுக்குக் கிடையாது. இங்கே கல்லும் இருந்தது, மாலை போட்ட பெரிய படமும் இருந்தது, பூட்டிய கதவும் இருந்தது.

“உள்ள யாருண்ணா கீறாரு?” என்று கேட்டாள்.

“மந்திரிம்மா. செத்துட்டாரு.”

“பெரிய ஆளா?”

“மந்திரின்னா சும்மாவா? அவரு ஒரு கையெழுத்துப் போட்டா இல்லாத ரோடு வரும்.”

“அப்ப காணாத மாடு வராதா?” என்றாள் செல்லி. மடியிலிருந்து ஒரு பிடி சாமையை எடுத்துக் கல்லுக்கு முன்னால் வைத்துவிட்டுப் போனாள்.

சாயங்காலம் போளூர் பஸ் வந்த நேரத்துக்கு மாடும் வந்துவிட்டது. அது மேய்ந்துகொண்டிருந்த கொல்லையில் பயிர் தீர்ந்துபோயிருக்கும் என்று நான் சொன்னேன். அன்றிலிருந்து செல்லி என்னோடு எட்டு மாதம் பேசவில்லை.

மறு வாரமே நெடுங்கிள்ளியார் கிள்ளியப்பன் ஆகிவிட்டார். தேங்காய் வந்தது, கோழி வந்தது, சாம்பிராணி வந்தது. தீர்த்தகிரி முதலில் விரட்டித்தான் பார்த்தார். இது சர்க்கார் ஆபீஸ், உள்ளே வெறும் காகிதம் என்று தொண்டை கிழியக் கத்தினார். மறைக்கிறார் என்றால் உள்ளே இருப்பது பெரிய சாமிதான் என்று ஜனம் முடிவு கட்டியது.

1981இல் மேலிடத்துக் கடிதம் வந்தது. தீர்த்தகிரி அதைப் பள்ளிக்கூடத்து வாத்தியாரிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னார். ஆண்டுக்கு இருநூறு பார்வையாளருக்குக் குறைந்தால் காவலர் பணியிடம் நீக்கப்படும் என்று அதில் இருந்தது. வீட்டுக்கு வந்து பரணைப் பார்த்தார். மங்கம்மாள் அவரைப் பார்த்தாள்.

“ஏய்யா, அத்தினி பேரு தேங்கா ஒடைக்கிறாங்க, அவங்கல்லாம் பார்வையாளர் இல்லாம குருடனுங்களா?” என்று கேட்டாள்.

அடுத்த நாளிலிருந்து விரட்டல் நின்றது. வாசலில் மேசை போட்டுப் பதிவேட்டை விரித்தார். கைநாட்டு வைக்காதவருக்குக் கதவு திறக்காது. ‘வந்த காரணம்’ என்ற கட்டத்தைக் காலியாக விட்டால் அரசாங்கம் கோபித்துக்கொள்ளும் என்று பயந்து, ஒவ்வொருவரையும் கேட்டு உள்ளது உள்ளபடி எழுதினார். மாடு. மழை. பிள்ளை வரம். மாமியார். ஒடுகத்தூரிலிருந்துகூட ஆட்கள் மலையேறி வந்தார்கள். அந்த வருஷம் கைநாட்டு மை தீர்ந்துபோய், ஊரில் பாதிப் பேருக்குக் கட்டை விரல் நீலமாகவே நின்றுவிட்டது.

இரண்டு வருஷம் கழித்து ராஜேந்திரன் என்கிற ஆய்வு அதிகாரி வந்தார். பாவம், சந்தை நாளாகப் பார்த்து வந்தார். வரிசையைப் பார்த்து ரேஷன் கடை என்று நினைத்துத் தாண்டிப் போய், திரும்பி வந்தார். உள்ளே சாம்பிராணிப் புகையில் கைக்கு எட்டிய தூரம் கண்ணுக்கு எட்டவில்லை. நிலப் பதிவேட்டு அலமாரியின் காலில் ஒரு சேவல் கட்டியிருந்தது.

“இது என்னய்யா, கோயிலா, ஆபீசா?”

தீர்த்தகிரி விறைப்பாக நின்று பதில் சொன்னார்: “ஆபீசுதாங்க சார். கைநாட்டு வெச்சுட்டுத்தான் கும்புட வுடறேன்.”

அதிகாரி பதிவேட்டைப் புரட்டினார். ஒரு பக்கம் முழுக்க மாமியார் என்று இருந்தது. அவர் முகத்தைப் பார்த்தே தீர்த்தகிரி மனதுக்குள் குடகு பஸ்ஸில் ஏறிவிட்டார். அப்புறம் அதிகாரி ஒரு கட்டைப் பிரித்தார். அதை வைத்துவிட்டு இன்னொன்று, பிறகு வேறொன்று. சேவலைத் தாண்டிக் கடைசி அலமாரிவரை போய்ப் பார்த்தார். மூன்று வருஷ சாம்பிராணிப் புகைக்கு ஒரு கரையான்கூட உள்ளே எட்டிப்பார்க்கவில்லை. அவர் போய்வந்த மற்ற இடங்களில் காகிதம் கையில் எடுத்தால் ரவையாகக் கொட்டுமாம்.

“வந்தவங்க யாராவது இதையெல்லாம் தொட்டாங்களா?”

“ஒருத்தரும் தொட்டதில்லீங்க சார். அதான் அப்டியே கீது.”

ராஜேந்திரன் ஊருக்குத் திரும்பி, வடஆர்க்காடு மாவட்டத்திலேயே அதிகப் பார்வையாளர் வருகிற, ஒரு தாள்கூடக் கெடாத காப்பகம் இதுதான் என்று அறிக்கை எழுதினார். அதில் ஓர் எழுத்தும் பொய் இல்லை. சேவலை மட்டும் குறிப்பிடவில்லை.

நல்ல பெயர் வாங்கியதுதான் வினையாகிவிட்டது. இவ்வளவு அருமையாகக் காக்கப்பட்ட ஆவணங்கள் மலைமேல் கிடக்கலாமா என்று மேலிடம் பதறியது. 1985இல் லாரிகள் வந்து எல்லாக் கட்டுகளையும் ஏற்றிக்கொண்டு கீழே போயின. காவலர் பணியிடம் பற்றி உத்தரவு பின்னால் வரும் என்றார்கள்.

காகிதமே இல்லாத இடத்துக்குக் காவலர் எதற்கு? தீர்த்தகிரி சாப்பாட்டைக் குறைத்தார். மங்கம்மாள் பரணில் ஏறிக் கம்பளியை எடுத்து வெயிலில் உதறினாள். அந்தத் தூசியில் ஊரே தும்மியது. ஜனம் மட்டும் வழக்கம்போல வந்துகொண்டிருந்தது. அலமாரி காலியானதை ஒருவரும் கவனிக்கவில்லை. அவர்கள் அலமாரியைப் பார்க்க வந்தவர்களா என்ன?

ஒரு நாள் காலை, வரிசை வருவதற்கு முன்னால், தீர்த்தகிரி தானே ஒரு தேங்காயோடு கல்லுக்கு எதிரில் நின்றார். உள்ளே இருப்பது வெறும் காகிதம் என்று தொண்டை கிழியக் கத்தியவர், இப்போது அந்தக் காகிதமும் இல்லாத கட்டடத்துக்குத் தேங்காய் உடைத்தார். சட்டத்தை மீறாமல், பதிவேட்டில் தன் பெயரை எழுதிக் கையெழுத்தும் போட்டார். வந்த காரணம்: வேலை.

செல்லி அதைப் பார்த்துவிட்டாள். சிரிப்பை அடக்கிக்கொண்டு, “கவலப்படாதண்ணா. எம் மாடு வந்தாப்புல வந்துரும்,” என்றாள்.

எண்ணிப் பதினோராம் நாள் சாயங்காலம் போளூர் பஸ்ஸில் உத்தரவு வந்தது. வாத்தியார் இரண்டு முறை படித்துக் காட்டினார். ஆவணங்கள் மாற்றப்பட்டபோதிலும் அந்த ஆண்டின் பார்வையாளர் எண்ணிக்கை இருநூறுக்குக் குறையாததால், விதிப்படி பணியிடத்தை நீக்க வழியில்லை. காவலர் தீர்த்தகிரி, காப்பகத்தில் உள்ள ஆவணங்களைத் தொடர்ந்து பாதுகாக்கும் பொருட்டு, நிரந்தரமாக நியமிக்கப்படுகிறார்.

மங்கம்மாள் அந்தக் கம்பளியை இரண்டாக வெட்டிக் கன்றுக்குட்டிகளுக்குப் போர்த்திவிட்டாள்.

மறுநாள் புதுக் கணக்கு வருஷம் தொடங்கியது. பத்து மணிக்குத் தீர்த்தகிரி புதுக் காக்கிச் சட்டையில் கதவைத் திறந்து, காலி அலமாரிகளை ஒவ்வொன்றாகத் துடைத்தார். வாசலில் செல்லி ஒரு சேவலோடு நின்றாள். அவருக்காக அவளும் வேண்டிக்கொண்டிருந்தாளாம், அதைத் தீர்க்க வந்திருக்கிறாள். நேராக உள்ளே நுழையப் பார்த்தவளை அவர் கையை நீட்டி நிறுத்தினார்.

“எனக்காகவே வந்தவளா இரு,” என்று சொல்லிப் பதிவேட்டை அவள் பக்கம் தள்ளினார். “இருந்தாலும் மொதல்ல கைநாட்டு வெய்யி. இன்னும் நூத்தித் தொண்ணூத்தொம்பது பேரு வேணும்.”